குவெரி ரிசல்ட்டும் ரெண்டு பத்தி வியாதியும்

தலைப்பைப் பார்த்துவிட்டு இது ஏதோ பத்திரிகைச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பத்தி என்பது பாராகிராஃப் அல்ல, காலம். (காலம் என்று எழுதினால் இறந்தகாலம், எதிர்காலம் என்று இலக்கண வகுப்பு ஆகிவிடும். அதனால் பத்தி.) டேட்டாபேஸில் குவெரி ஓட்டி வருகிற விடையை வலைப்பக்கத்தில் இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி என்று பிரித்துப் போடுகிறார்களே, அந்த வியாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வியாதி என்பது பெரிய வார்த்தை என்று தோன்றலாம். படித்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் படிக்கிற எல்லாருக்கும் பழக்கமான காட்சி. இறுதியாண்டு ப்ராஜெக்ட். பையனுக்கு ஊர் விருத்தாசலம் என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் போகிறவர்களுக்கு அது ஜங்ஷன். பக்திமான்களுக்கு அது பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும். ஆனால் வியாபாரிக்கு அது பீங்கான் ஊர். பக்கத்திலேயே நெய்வேலி, பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டுகிற இடத்தில் களிமண்ணும் கிடைக்கும். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்கம்பத்து இன்சுலேட்டர், வீட்டு ஸ்விட்ச் போர்டில் இருக்கிற வெள்ளை ஃப்யூஸ் கேரியர் வரைக்கும் செய்கிற சின்னச் சின்ன யூனிட்டுகள். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ சொல்லித்தருகிற நிறுவனமும் அந்த ஊரில் உண்டு. ஆகவே பையன் ஊர்ப்பாசத்தோடு ஒரு ப்ராஜெக்ட் எடுக்கிறான்: ஊரில் கிடைக்கும் பீங்கான் பொருட்களும் விலையும். நல்ல யோசனை. வாழ்க.

டேபிள் போட்டாயிற்று, குவெரி எழுதியாயிற்று, பெயரும் விலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தும் ஆயிற்று. இந்த இடத்தில்தான் யாராவது ஒரு புண்ணியவான் பின்னால் வந்து நின்று, "தம்பி, வலது பக்கம் பூரா காலியா கிடக்கே, ரெண்டு காலமா போட்டா நல்லா இருக்குமேப்பா" என்பார். பையனும் "சரிங்க சார்" என்று கூகிளாண்டவரைக் கேட்பான். அவர் இருபது வருஷமாக ஒரே கோடைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் பாதி, பிஎச்பியின் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களில் எழுதியது. அந்த ஃபங்ஷன்களை பிஎச்பி 7 வந்தபோது, அதாவது 2015 டிசம்பரிலேயே, தூக்கி எறிந்துவிட்டார்கள். இருந்தாலும் ரெக்கார்டு நோட்டிலிருந்து ரெக்கார்டு நோட்டுக்கு அது சிரஞ்சீவியாக வாழ்கிறது.

அந்தக் கோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்று ரகம் உண்டு. முதல் ரகத்தில் ஒரு கவுன்ட்டர் வைத்து இரண்டால் வகுத்து, மீதி பூஜ்யம் என்றால் புது டிஆர் திறக்கும். இது பரவாயில்லை ரகம். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கடைசி டிஆர் மூடாமல் திறந்தே கிடக்கும். ப்ரௌசர் பெரிய மனது பண்ணி மூடிக்கொள்ளும். இரண்டாவது ரகம், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை ஃபெட்ச் செய்யும். கடைசியில் ஜோடி இல்லாவிட்டால் வலது பக்கத்தில் "ரூ." என்று மட்டும் நிற்கும், எண் இருக்காது. சிரிப்பு வரும், சேதாரம் இல்லை.

மூன்றாவது ரகம்தான் கொலைகாரன். லூப்பின் நிபந்தனையிலேயே "முதல் ஃபெட்ச்சும் கிடைத்து, இரண்டாவது ஃபெட்ச்சும் கிடைத்தால் உள்ளே வா" என்று எழுதியிருக்கும். ஜோடி கிடைக்கிற வரை பிரச்சினை இல்லை. கடைசியில் ஒன்று தனியாக மிஞ்சினால்? முதல் ஃபெட்ச் அதை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வெறுங்கையோடு திரும்பும். நிபந்தனை பொய். லூப் முடிந்தது. கையில் இருந்தது காற்றோடு போச்சு. எர்ரர் வராது. வார்னிங் வராது. பக்கம் பளிச்சென்று, ஓட்டை இல்லாமல், நேர்த்தியாக நிற்கும். இரண்டாவது ரகத்தில் பல்லிளித்த அந்தக் காலி "ரூ." கூட இங்கே இல்லை. அதனால்தான் இது மாதிரிக் கோடுதான் "க்ளீனாக இருக்கு" என்று பாராட்டு வாங்கும்!

ஏழே ஏழு பொருளை வைத்துப் பார்ப்போம். இன்சுலேட்டர், கோப்பை, ஜாடி, பறவை பொம்மை, பழத்தட்டு, மயில் பொம்மை, விளக்கு. பெயர் வரிசையில் கேட்டால், யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்குகிற டேட்டாபேஸ் இதே வரிசையில்தான் கொடுக்கும். மூன்று ஜோடி திரையில் வரும். ஏழாவது காணாமல் போகும். ஏழாவது எது? விளக்கு.

கார்த்திகைக்கு ஒரு மாதம் முன்னால், எங்கோ சேலத்திலோ மதுரையிலோ உட்கார்ந்து ஒரு வியாபாரி அந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். எந்த ஊர் விளக்குக்குப் பேர் போனதோ அந்த ஊர்ப் பட்டியலில் விளக்கு இல்லை. அவர் போன் பண்ணிக் கேட்கமாட்டார். "அங்கே இல்லபோல" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். சூளை வைத்திருப்பவருக்கு ஏன் இந்த வருஷம் ஆர்டர் குறைந்தது என்பது கடைசிவரை தெரியவே தெரியாது.

இந்தப் பட்டியலிலேயே தமிழ் தெரிந்தவர்கள் கண்ணில் இன்னொரு குறை பட்டிருக்கும். பறவைக்கு அப்புறம் பழமா? ஆமாம், யூனிகோடில் ற, ழவுக்கு முன்னால் வருகிறது. தமிழ் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன என்றுதான் முறை. ஜ-வும் யூனிகோடில் ச-வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அகராதி முறையில் கிரந்தம் எல்லாம் கடைசியில்தான். ஆக, விவரம் தெரிந்த ஒருவர் வந்து, தமிழ் வரிசைக்கு ஏற்ற கொலேஷனை அமைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வரிசை: இன்சுலேட்டர், கோப்பை, பழத்தட்டு, பறவை பொம்மை, மயில் பொம்மை, விளக்கு, ஜாடி. விளக்கு திரும்பி வந்துவிட்டது! எல்லாருக்கும் சந்தோஷம். ஜாடி காணாமல் போனதை யார் கவனித்தார்கள்? தப்பாக அடுக்கினால் விளக்குக்காரர் போனார். சரியாக அடுக்கினால் ஜாடிக்காரர் போனார். :-)

இன்னும் வேடிக்கை, புதிதாக "அகல்" என்று ஒரு பொருளைச் சேர்த்தால் எண்ணிக்கை எட்டாகிவிடும். எல்லாம் தெரியும். ஆகவே பழுது தானாகச் சரியாகிவிட்டது போல் இருக்கும். ஒன்பதாவது சேரும் வரைக்கும். லேபில் சோதித்துப் பார்க்கும்போது யார் ஏழு ரெக்கார்டு போடுகிறார்கள்? பத்து போடுவார்கள். பத்து இரட்டைப்படை. வைவா அமோகம். ப்ராஜெக்ட் முடிந்து உண்மையான ஆட்கள் உண்மையான பொருளைச் சேர்க்கத் தொடங்கிய அன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பிக்கிறது. கிட்டத்தட்ட பாதி நாள் எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தானே இருக்கும்?

"அது கோடு எழுதினவன் தப்பு, ரெண்டு பத்தி என்ன பண்ணும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஒற்றைப் பத்தியில் இந்தத் தப்பைச் செய்ய வழியே இல்லையே, அதுதான் பதில். ஒரு ஃபெட்ச், ஒரு வரி. ஜோடி சேர்க்கும் வேலையை நுழைத்ததால்தான் ஜோடி இல்லாதவன் பிரச்சினை பிறந்தது. டேட்டாவில் இல்லாத ஒரு பிரச்சினையை அலங்காரத்துக்காக உண்டாக்கி, பிறகு அதைத் தீர்க்கத் தெரியாமல் நிற்பது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

சரி, கோடு பிழையில்லாமல் எழுதியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படிக்கிறவர் எந்தப் பக்கமாகப் படிக்க வேண்டும்? இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா?

இந்தக் கேள்விக்குக் காகிதம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுத்துப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பத்தி அடிவரை இறங்கி, பிறகு வலது பத்தியின் தலைக்கு ஏறும். பழைய டெலிபோன் டைரக்டரியும் அப்படித்தான். அகராதியில் "பழம்" தேடுகிறவர் விரலைப் பத்தியின் மேல் வைத்துக் கீழே இழுப்பார். ஒரு சொல் இடது, அடுத்த சொல் வலது, அதற்கடுத்தது மறுபடி இடது என்று அச்சடித்திருந்தால் அந்த லெக்சிகனை அன்றைக்கே எடைக்குப் போட்டிருப்பார்கள்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட். இன்றைக்கு நம்பரைத் தட்டினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. அதற்கு முந்தின தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். பேப்பரில் பக்கம் பக்கமாகத் தேர்வு எண்கள் மட்டும் வரும். எறும்பு ஊர்கிற மாதிரி எண்கள், பத்தி பத்தியாக. டீக்கடையில் ஒரே பேப்பரை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பேப்பரில் ஒரு எண் "இல்லை" என்பதே செய்தி. யோசித்துப் பாருங்கள், இப்படிப்பட்ட பட்டியலில் வரிசை குழம்பினால் என்ன ஆகும்? தேர்வான பையன் தன் எண் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். பட்டியலில் தேடுகிறவனுக்கு இரண்டு உரிமை உண்டு. இருந்தால் கண்ணில் பட வேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். வரிசை ஒழுங்காக ஒரே திசையில் ஓடினால் மட்டுமே "இல்லை" என்பதை நம்ப முடியும்.

டிஆர், டிடி போட்டுச் செய்கிற இரண்டு பத்தியில் வரிசை குறுக்கே ஓடுகிறது. டேட்டாபேஸிலிருந்து வருவதை வந்த வேகத்தில் இடது, வலது, இடது, வலது என்று கொட்டுவதுதான் சுலபம் என்பதால் அப்படி. படிக்கிறவருக்கு எது வசதி என்று யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல. படிக்கிறவரோ பேப்பரிலும் அகராதியிலும் பழகின கண்ணோடு இடது பத்தியை மட்டும் கீழே இறங்கிப் பார்ப்பார். இன்சுலேட்டர், ஜாடி, பழத்தட்டு, விளக்கு. "கோப்பை இல்ல போலிருக்கு."

அப்படியானால் அகராதி மாதிரியே கீழ்நோக்கிப் போட்டுவிடலாமே? போடலாம். அங்கே வேறொரு வில்லங்கம். காகிதத்துக்கு அடி உண்டு. வலைப்பக்கத்துக்கு அடி கிடையாது. இருநூறு பொருள் இருந்தால் இடது பத்தியில் நூறு. கீழே உருட்டி உருட்டி நூறாவதற்குப் போய், மறுபடி உச்சிக்கு ஏறி வலது பத்தியைத் தொடங்க வேண்டும். யார் ஏறுவார்கள்? பழனி மலையா, வேண்டுதலா?

கீழ்நோக்கிப் போடுகிறவர்கள் செய்கிற இன்னொரு வேலை இருக்கிறது. அதைப் பார்த்தால் எட்கர் காட் அழுதுவிடுவார். குவெரியையே இரண்டாக வெட்டுவார்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணி, இரண்டால் வகுத்து, முதல் பாதிக்கு ஒரு குவெரி, அடுத்த பாதிக்கு ஒரு குவெரி. ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை. முழு எண்ணாக்கினால் மூன்று. மூன்றும் மூன்றும் ஆறு. மறுபடியும் விளக்கு போச்சு! இதில் ஆர்டர் பை எழுதவும் மறந்திருந்தால் இன்னும் விசேஷம். ஐபிஎம்மில் இருந்த காட் 1970-ல் ரிலேஷனல் மாடல் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, புரோகிராம்கள் டேட்டா சேமிக்கப்பட்டிருக்கிற வரிசையை நம்பியிருப்பதை ஒரு நோயாகத்தான் குறிப்பிட்டார். டேபிளுக்கு வரிசை கிடையாது. நீங்கள் கேட்டால்தான் வரிசை. கேட்காமல் இரண்டு தடவை குவெரி ஓட்டினால், இரண்டு தடவையும் ஒரே வரிசையில் தர வேண்டிய கட்டாயம் டேட்டாபேஸுக்கு இல்லை. ஒரு ஜாடி இரண்டு பக்கமும் வரலாம், ஒரு விளக்கு இரண்டு பக்கமும் வராமல் போகலாம். டேட்டாபேஸ் மேல் வழக்குப் போட முடியாது.

சூளையில் சாமான் அடுக்குகிற தொழிலாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளேஸ் பூசின அகல்களை ஒட்டி ஒட்டி வைக்கமாட்டார். ஆயிரம் டிகிரிக்கு மேல் கிளேஸ் உருகும். தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டும் குப்பைக்கு. இடம் காலியாக இருக்கிறதே என்று அவர் அடைப்பதில்லை. அந்தக் காலியிடம் வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும். வலது பக்கம் வெள்ளையாக இருந்தால் கை பரபரக்கிற பொட்டி தட்டும் வர்க்கத்துக்குத்தான் அது தெரியவில்லை.

வெள்ளையிடத்தைப் பற்றிப் பேசும்போது தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பத்தி அலங்காரம் ஆங்கிலத்திலிருந்து காப்பியடித்தது. "கப்" என்பதற்கு அங்கே மூன்று எழுத்து. இங்கே "ஊறுகாய் ஜாடி (மூடியுடன்)" என்று எழுத வேண்டும். பெயர், விலை, பெயர், விலை என்று நான்கு செல் வைத்த டேபிளைக் கைபேசியில் திறந்தால், "பறவை" ஒரு வரி, "பொம்மை" ஒரு வரி, "ரூ." ஒரு வரி, எண் ஒரு வரி என்று மடங்கி மடங்கி எந்த விலை எந்தப் பொருளுக்கு என்று ஜோசியம் பார்க்க வேண்டும். இன்றைக்கு வியாபாரிகளில் எத்தனை பேர் கம்ப்யூட்டரில் விலை பார்க்கிறார்கள்? கைபேசிதான். அங்கே வலது பக்கம் என்பதே கிடையாது. எதை நிரப்புவதற்காக இந்தக் கூத்தோ அந்தக் காலியிடமே அங்கே இல்லை.

இந்த நான்கு செல் விஷயத்தில் இன்னொரு துரோகமும் இருக்கிறது. விலைப்பட்டியலைப் பார்க்கிறவர் பார்ப்பதோடு நிற்பதில்லை. காப்பி செய்து எக்செலில் ஒட்டுவார். தன் லாபம் சேர்ப்பார், விலை வாரியாக அடுக்குவார், போன வருஷத்தோடு ஒப்பிடுவார். ஒற்றைப் பத்தி என்றால் பெயர் ஒரு பத்தி, விலை ஒரு பத்தி. ஒரு க்ளிக்கில் அடுக்கலாம். இரண்டு பத்தி என்றால் பெயர், விலை, பெயர், விலை. அடுக்கினால் இடது பக்கத்துப் பொருள் நகரும்போது வலது பக்கத்துப் பொருளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். வலது பக்கத்து விலை அடுக்கப்படவே படாது. மனிதர் உட்கார்ந்து பாதியை வெட்டி அடியில் ஒட்ட வேண்டும். டேட்டாபேஸில் ஒழுங்காக இருந்ததை மெனக்கெட்டுக் கலைத்து, அதை மறுபடி ஒழுங்கு செய்யும் வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டுவதற்குப் பெயர் டிசைன்!

இதைவிடப் பெரிய பட்டியல் ஒன்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சம்பந்தப்பட்டது. வாக்காளர் பட்டியல். படத்தோடு வருகிற பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்கு முப்பது கட்டம், குறுக்கே மூன்று, கீழே பத்து. விருத்தாசலம் தொகுதி, எண் 152, அதற்கும் அதே வார்ப்புதான். (2006-ல் விஜயகாந்த் ஜெயித்த அதே தொகுதி. அந்தத் தேர்தலில் தேமுதிகவுக்குக் கிடைத்த ஒரே இடம்.) வரிசை குறுக்கே ஓடுகிறது. ஒரே வீட்டில் நான்கு பேர் என்றால் மூன்று பேர் ஒரு வரியில், நாலாமவர் அடுத்த வரியின் தொடக்கத்தில். அப்படியும் அது ஏன் தாங்குகிறது என்றால், ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் வரிசை எண் அச்சாகியிருக்கிறது. 417-க்கு அப்புறம் 418 எங்கே என்று கண் தேடிக்கொள்ளும். தவிர அது அடி உள்ள காகிதம்; பூத்தில் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிப்பதற்காகச் செய்தது. அந்த வேலைக்குச் சரி.

ஆனால் அதே கட்டங்களை இணையத்தில் போட்டு "பட்டியலை வெளியிட்டுவிட்டோம்" என்றால்? 2025-ல் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது சண்டை இதில்தான் வந்து நின்றது. வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இல்லாத பெயரைப் பட்டியலில் எப்படித் தேடுவது? ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நீக்கப்பட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு இணையத்தில் வெளியிட வேண்டும், வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று. கவனியுங்கள், அழகாகக் கட்டம் கட்டிப் போடுங்கள் என்று கோர்ட் சொல்லவில்லை. தேடினால் கிடைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலும் வரைவுப் பட்டியல் வந்து, எல்லாரும் தங்கள் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் தேடிக்கொண்டிருந்தபோது பலருக்கும் இந்த வித்தியாசம் உறைத்திருக்கும். பார்ப்பதற்கு வைத்தது வேறு, தேடுவதற்கு வைத்தது வேறு.

பீங்கான் விலைப்பட்டியலையும் வாக்காளர் பட்டியலையும் ஒன்றாக வைப்பது ஓவர் என்பவர்கள் இருப்பார்கள். ஒருவர் ஓட்டு, இன்னொருவர் கார்த்திகை மாசத்து வருமானம். பட்டியலில் விழாமல் போனவருக்கு இரண்டும் ஓவர் இல்லை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் மைக் கொடுக்க வேண்டும். இரண்டு பத்தி எங்கேயுமே கூடாதா? கூடும். படம். விளக்கு எப்படி இருக்கிறது, மயில் தோகை என்ன நிறம் என்று பார்க்கிற பக்கத்தில் ஒரு படத்தைத் திரை முழுக்கப் போட்டு ஒவ்வொன்றாக உருட்ட வைப்பது கொடுமை. அங்கே யாரும் பெயரைத் தேடுவதில்லை. கண் சும்மா மேய்கிறது, கடைக்குள் நுழைந்து அலமாரியைப் பார்க்கிற மாதிரி. இரண்டு இரண்டாகப் போடுங்கள், அகலத் திரையில் நான்கு நான்காகவும் போடுங்கள். விலை மட்டும் அதனதன் படத்துக்கு நேர் கீழே இருக்கட்டும். ஆனால் அதையும் பிஎச்பி லூப்பில் செய்யாதீர்கள். குவெரி பட்டியலாகக் கொடுக்கட்டும், லூப் ஒவ்வொன்றாக எழுதட்டும், எத்தனை பத்தி என்று சிஎஸ்எஸ் முடிவு செய்யட்டும். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது. திரையின் அகலத்தைப் பார்த்து அதுவே ஒன்று, இரண்டு, நான்கு என்று மாற்றிக்கொள்ளும். ஒற்றைப்படை வந்தால் கடைசி இடம் சும்மா காலியாக இருக்கும். விளக்கு போகாது. ஜோடி பார்க்கிற வேலை லூப்புக்கு இல்லவே இல்லை.

அந்தக் காலத்தில் கிரிட் இல்லை, டேபிள்தான் வழி என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இல்லாத காலத்தில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். இருக்கிற காலத்தில் அதே கோடை ரெக்கார்டு நோட்டில் ஏழாவது எக்ஸர்சைஸாக எழுத வைத்து மார்க் போடுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. "அவுட்புட் வருதா?" என்பதோடு வைவா முடிந்துவிடுகிறது. "ஒரு ரெக்கார்டை டெலீட் பண்ணு, இப்ப காட்டு" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். லேபில் பாதி மானிட்டரை அணைக்க வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் விடுபட்டுவிட்டது. இடம் மனதில் நிற்பது. தினமும் அதே பக்கத்தைத் திறக்கிற கடைக்காரருக்கு ஜாடி "இடது பக்கம் ரெண்டாவது" என்று கை பழகியிருக்கும். குறுக்கே ஓடுகிற இரண்டு பத்தியில், மேலே "அகல்" என்று ஒன்று சேர்ந்ததும் அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே பக்கம் மாறும். இடதில் இருந்தது வலதுக்கு, வலதில் இருந்தது இடதுக்கு. ஒரு பொருளுக்காக மொத்தக் கடையையும் கலைத்து அடுக்கின மாதிரி. ஒற்றைப் பத்தியில் எல்லாம் ஒரு படி கீழே இறங்கும், அவ்வளவுதான். கடைக்காரர் கண் அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது.

பையன் ப்ராஜெக்டுக்குத் திரும்புவோம். வலது பக்கம் காலியாக இருக்கிறது என்று சொன்ன சாருக்கு அவன் என்ன பதில் சொல்லலாம்? அந்த இடத்தில் எந்த யூனிட், எத்தனை அங்குலம், நூறு உருப்படிக்கு என்ன விலை, உடையாமல் அனுப்ப எப்படிக் கட்டுவார்கள் என்று இன்னும் மூன்று நான்கு தகவல் போடலாம். வாங்குகிறவர் கேட்கப்போவது அதைத்தான். காலியிடம் இருந்தது உண்மையில் தகவல் குறைந்ததால்தான்.

அப்படியும் சார் விடவில்லை, இரண்டு பத்தியைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால், அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. கடைச் சுவரில் ஒட்டுவதற்கு விலைப்பட்டியலை ஏ4 தாளில் அச்செடுக்கிறார்களே, அங்கே. தாளுக்கு அடி உண்டு. அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் காலம்-கவுன்ட் இரண்டு என்று ஒரே ஒரு வரி. லெக்சிகன் மாதிரி இடது பத்தி அடிவரை இறங்கி, வலது பத்தியின் உச்சிக்கு ஏறும். பிஎச்பியில் ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். குவெரியைத் தொடவே வேண்டாம்.